கடைப் பக்கத்தைச் சீர்செய்தல்: கோபிநத்தத்தை வைத்து ஒரு பாடம்

நம் சங்க உறுப்பினர்களில் கணிசமானோர் சிறு வணிகம் செய்பவர்கள். மளிகை, தையல், இட்லி மாவு, சலவை, சமையல் ஒப்பந்தம், பூ வியாபாரம், வாடகை வண்டி என்று பட்டியல் நீளும். இவர்களில் பெரும்பாலோருக்கு இன்று முகநூலிலோ இன்ஸ்டாகிராமிலோ கூகுள் வரைபடத்திலோ கடையின் பெயரில் ஒரு பக்கம் இருக்கிறது. சிலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வாடிக்கையாளர் எவரோ படம் எடுத்துப் போட, பக்கம் தானாக முளைத்திருக்கும். புதிதாகப் பக்கம் தொடங்கிக் கொடுக்க ஆட்கள் நிறைய உண்டு. ஏற்கெனவே இருக்கும் பக்கத்தைத் துப்புரவு செய்து, தேடுகிறவர் கண்ணில் படும்படி வைப்பது பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

பாடம் என்றால் ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். நான் கோபிநத்தத்தை எடுத்துக்கொள்கிறேன். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் எல்லைப் பகுதியில், காட்டை ஒட்டிய தமிழ் ஊர் அது, இருப்பதோ கர்நாடகத்தில். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் கன்னடம், சுற்றுலா வருகிறவர்களிடம் ஆங்கிலம் என மூன்று மொழிகளும் அங்கே புழங்குகின்றன. ஒருபுறம் மாதேஸ்வரன் மலை, மறுபுறம் ஒகேனக்கல். அந்த ஊரில் ஒரு குடும்பம் சாப்பாட்டுக் கடை நடத்துகிறது, வருகிறவர்கள் தங்க இரண்டு அறையும் வைத்திருக்கிறது என்று கற்பனை செய்துகொள்வோம். அந்தக் கடைக்கு நேரும் சிக்கல்கள் பெங்களூரிலும் மைசூரிலும் உள்ள நம்மவர் கடைகளுக்கும் நேர்பவைதாம். எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்து வருவதால் பாடத்துக்கு வசதி.

சாவி யாரிடம்?

பக்கத்தைத் திருத்துவதற்கு முன் அது யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். செல்பேசிக் கடைப் பையனோ, ஊருக்கு வந்திருந்த உறவினரோ தம் மின்னஞ்சலைக் கொண்டு தொடங்கியிருப்பார். இப்போது அவர் வேறு ஊரில் இருப்பார். கடவுச்சொல் அவருக்கே நினைவிருக்காது. கூகுளில் கடையின் பெயரைத் தேடி, அந்தப் பதிவின் கீழே உரிமை கோரும் வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் வழியே விண்ணப்பிக்கலாம். வேறொருவர் ஏற்கெனவே உரிமையாளராக இருந்தால் அவருக்குத் தகவல் போகும். பதில் சொல்ல அவருக்குச் சில நாட்கள் அவகாசம் உண்டு. முன்பெல்லாம் கடை முகவரிக்குத் தபாலட்டை அனுப்பிச் சரிபார்ப்பார்கள். இப்போது பெரும்பாலும் காணொளி கேட்கிறார்கள். தெரு, கடையின் முகப்பு, பெயர்ப்பலகை, பிறகு உரிமையாளர் மட்டுமே திறக்கக்கூடிய கல்லாவோ பூட்டிய அறையோ என இவ்வளவையும் நடுவில் வெட்டாமல் ஒரே மூச்சில் படம்பிடித்து அனுப்ப வேண்டும். காட்டோரத்து ஊரில் சிக்னல் கிடைக்கும் வேளை பார்த்துத்தான் இதைச் செய்ய முடியும்.

ஒரே கடைக்கு இரண்டு பதிவுகள் இருந்தால் அது தனித் தொல்லை. பத்துப் பேர் பாராட்டியது ஒன்றிலும் சரியான தொலைபேசி எண் மற்றொன்றிலுமாகக் கிடக்கும். கூடுதல் பதிவை வரைபடத்தில் திறந்து, திருத்தம் சொல்லும் பகுதியில் இது இரட்டைப் பதிவு என்று தெரிவிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "உங்கள் கடையைக் கூகுளில் முதலிடத்தில் கொண்டுவருகிறோம், மாதம் இவ்வளவு கட்டுங்கள்" என்று அழைப்பு வரும். உள்ளூர்த் தேடலில் பணம் வாங்கிக்கொண்டு இடத்தை உயர்த்துவதில்லை என்று கூகுள் நிறுவனமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காசு கொடுத்தால் வருவது விளம்பரம். அது விளம்பரம் என்ற குறிப்போடுதான் வரும். அழைத்தவர் உங்கள் செல்பேசிக்கு வந்த எண்ணைக் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது பக்கத்தின் சாவி.

ஊர்ப்பெயரும் மாவட்டமும்

தேடுகிறவருக்கு எந்தக் கடையை முதலில் காட்டுவது என்பதைக் கூகுள் மூன்று காரணங்களால் முடிவு செய்கிறது: அவர் கேட்டதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், அவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. கோபிநத்தம் போன்ற சிற்றூர்க் கடைக்கு மூன்றாவது எளிதில் வாய்க்காது. முதல் இரண்டையும் சரியாக வைத்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. அங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள்.

தமிழில் கோபிநத்தம். நத்தம் என்றால் ஊராரின் குடியிருப்புக்கு ஒதுக்கிய நிலம் என்பது பத்திரம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அது கோபிநாதம் ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரு 'டி' போட்டு எழுதுவோரும் உண்டு, இரண்டு போட்டு எழுதுவோரும் உண்டு. தேடுகிறவர் எந்த எழுத்தில் தேடுவார் என்று நமக்குத் தெரியாது. ஆகவே கடையைப் பற்றிய விவரக் குறிப்பில் ஊரின் பெயர் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு முறையாவது வர வேண்டும்.

மாவட்டக் கதை இன்னும் குழப்பமானது. 1997 வரை இவ்வூர் மைசூர் மாவட்டம், கொள்ளேகால் தாலுக்கா. அவ்வாண்டு ஆகஸ்டில் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தது. பின்னர் ஹனூர் தனித் தாலுக்காவாயிற்று. 2014 நவம்பர் 1 முதல் மைசூர் என்ற பெயரே அதிகாரபூர்வமாக மைசூரு ஆயிற்று. இத்தனைக்குப் பிறகும் கோபிநத்தத்தை மைசூருவின் கீழ் எழுதும் பட்டியல்கள் உண்டு. நம் கற்பனைக் கடைக்காரர் பழைய ரசீதைப் பார்த்து அதே முகவரியைப் பதிந்துவிட்டால் என்ன ஆகும்? 150 கிலோமீட்டருக்கு அப்பால் மைசூரு நகரில் சாப்பாட்டுக் கடை தேடுகிறவருக்கு அது பயனில்லை. மாதேஸ்வரன் மலையில் நின்று பக்கத்தில் தேடுகிறவரோ மாவட்டத்தின் பெயரைப் பார்த்து, வேறெங்கோ உள்ள கடை என்று ஒதுக்கிவிடுவார்.

நகரத்தில் இருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். பெங்களூரில் பழைய கதவு எண் ஓரிடத்திலும் புதிய எண் மற்றோரிடத்திலுமாக, கூகுளில் ஒரு செல்பேசி எண், முகநூலில் கைவிட்ட எண் என்று வைத்திருப்பவர்கள் நம்மிடையே அநேகம். பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் ஒருமுறை சரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூகுள், முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், ரசீதுப் புத்தகம், சுவரில் எழுதிய விளம்பரம் எல்லாவற்றிலும் அந்தத் தாளில் உள்ளபடியே, ஒரு புள்ளி மாறாமல் இருக்க வேண்டும்.

பெயரைப் பற்றி ஒரு விதி. கூகுளில் கடையின் பெயர் பெயர்ப்பலகையில் உள்ளதுதான். "ஒகேனக்கல் அருகில் சிறந்த மீன் சாப்பாடு" என்று பெயரோடு வால் சேர்த்தால் பதிவையே முடக்கிவிட அவர்களுக்கு உரிமை உண்டு. இன்ஸ்டாகிராமில் அப்படியில்லை. அங்கே பெயர் எழுதும் கட்டமும் தேடலில் வரும் என்பதால் தொழிலையும் ஊரையும் அதில் சேர்ப்பது நல்லது. பெயர்ப்பலகை என்று சொல்லும்போது கர்நாடகச் சட்டத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 2022-ஆம் ஆண்டின் கன்னட மொழி வளர்ச்சிச் சட்டமும் 2024-இல் வந்த திருத்தமும், வணிக நிறுவனங்களின் பலகையில் 60 விழுக்காடு கன்னடம், அதுவும் மேல் பாதியில், இருக்க வேண்டும் என்கின்றன. பலகையை மாற்றியவர்கள் பக்கத்தில் உள்ள பழைய பலகைப் படத்தையும் மாற்றிவிடுங்கள். வருகிறவர் படத்தைப் பார்த்துத்தான் கடையை அடையாளம் காண்கிறார்.

ஆற்றின் எந்தக் கரை?

வரைபடத்தில் கடைக்குக் குத்தும் புள்ளி ஒரு விரற்கடை தள்ளினால் நகரத்தில் பக்கத்துத் தெரு. காவிரிக் கரையில் வேறு மாநிலம். ஒகேனக்கல் என்றதும் பெரும்பாலோர் தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரம் வழியைத்தான் நினைக்கிறார்கள். கோபிநத்தம் எதிர்க்கரை. நடுவில் ஆறு. பரிசலில் கடக்கலாமே தவிர அங்கே காரை ஓட்டிக்கொண்டு வர முடியாது. அந்தக் கரையிலிருந்து சாலை வழியே வர வேண்டுமானால் மேட்டூர், கொளத்தூர், பாலாறு என்று பெருஞ்சுற்று. "ஒகேனக்கல் அருகில்" என்று மட்டும் எழுதி வைத்தால், சேலத்திலிருந்து குழந்தை குட்டிகளோடு கிளம்பிய குடும்பம் பகல் சாப்பாட்டு நேரத்துக்கு எதிர்க்கரையில் நின்றுகொண்டு தொலைபேசியில் சண்டை போடும். அவர்கள் எழுதும் விமர்சனம் கடையின் சமையலைப் பற்றியதாக இராது. ஆனால் நட்சத்திரம் குறைவது கடைக்குத்தான்.

ஆகவே புள்ளியைக் கடை வாசலில் நின்று, செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்க்க வேண்டும். வழியையும் சொல்லில் எழுத வேண்டும். ஒரு மாதிரி:

"கோபிநத்தத்தில் குடும்பத்தார் நடத்தும் சாப்பாட்டுக் கடை. ராகிக் களி, கோழிக் குழம்பு, ஆற்று மீன் வறுவல். தங்க இரண்டு அறைகள். மாதேஸ்வரன் மலையிலிருந்து பாலாறு வழியாகக் காரில் வரலாம். மாலை 6 மணிக்கு மேல் வருவோர் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு வரவும்."

இதில் அலங்காரம் ஒன்றுமில்லை. 'தரம்', 'சுவை', 'நம்பிக்கை' போன்ற சொற்களைத் தேடி எவரும் வருவதில்லை. களியைத் தேடி வருவார்கள், அறையைத் தேடி வருவார்கள். கூகுள் குறிப்புக்கு 750 குறிகள் வரை இடம் உண்டு, இன்ஸ்டாகிராமில் 150 மட்டும். தமிழில் எழுதும்போது இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். 'மீன்' நம் கண்ணுக்கு இரண்டெழுத்து, கணினிக்கு நான்கு. மகரம், ஈகாரக் கொம்பு, னகரம், புள்ளி என்று தனித்தனியே எண்ணும். எனவே முக்கியமானதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

கன்னடக் குறிப்பை யார் எழுதுவது என்ற கேள்வி பல வீடுகளில் எழும். பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருக்கும்போது வெளியே ஆள் தேட வேண்டியதில்லை. பிள்ளை கன்னடம் எழுதட்டும், பெரியவர் தமிழ் சொல்லட்டும். கணினி மொழிபெயர்ப்பை அப்படியே போட்டுவிடாதீர்கள். பண்டங்களின் பெயரை அது கொலை செய்துவிடும்.

வீரப்பன் படம் போடலாமா?

கோபிநத்தம் என்று தேடினால் ஊருக்கு முன்னால் வந்து நிற்பது வீரப்பன் பெயர்தான். அவர் பிறந்த ஊர் அது. 2004 அக்டோபர் 18-இல் தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே அவர் கொல்லப்பட்டு இத்தனை ஆண்டுகள் ஆகியும், 2023-இல் ஆவணத் தொடர்கள் வெளிவந்த பின் ஆர்வம் மறுபடியும் கிளம்பியது. கடைப் பக்கத்தில் அவர் படத்தையோ பெயரையோ போட்டால் கூட்டம் வருமே என்று சிலருக்குத் தோன்றும். சுற்றுலாக்காரர்கள் கேட்கிறார்கள் என்பதும் உண்மையே.

என் கருத்து, வேண்டாம் என்பது. தேடலின் கணக்கைப் பார்த்தாலே காரணம் விளங்கும். அந்தப் பெயரைத் தேடுகிறவர் பெரும்பாலும் வீட்டில் அமர்ந்து கதை தேடுகிறவர். சாப்பாடு தேடுகிறவர் அல்லர். அந்தச் சொல்லில் உலகச் செய்தித்தாள்களோடும் திரைப்படங்களோடும் போட்டியிட்டு ஒரு சிற்றூர்க் கடை முன்னுக்கு வரவே முடியாது. நேரில் வருகிறவரும் சமாதி எங்கே என்று கேட்பார். அது இருப்பது மேட்டூர்ப் பக்கம் மூலக்காட்டில். ஏமாற்றத்தோடு திரும்புகிறவரிடமிருந்து நல்ல விமர்சனம் எப்படி வரும்?

இன்னொரு காரணம் கணக்குக்கு அப்பாற்பட்டது. அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இரு தரப்பாலும் அடிபட்ட குடும்பங்கள் உண்டு. தேடுதல் வேட்டையில் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு இழப்பீடு வழங்கத் தேசிய மனித உரிமை ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. அதே கோபிநத்தத்தில் மக்களுக்காக மாரியம்மன் கோவில் கட்டிக் கொடுத்த வன அதிகாரி பி. சீனிவாஸ் 1991 நவம்பர் 10-இல் வீரப்பனால் கொல்லப்பட்டார். அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது வழங்கப்பட்டது. அந்தத் தெருக்களில் படத்தை மாட்டி வியாபாரம் செய்வது அண்டை வீட்டார் முகத்தில் விழிக்க முடியாத காரியம். கடைக்காரர் நாளையும் அங்கேதானே இருக்க வேண்டும்?

ஊரைத் தேடி வர வேறு காரணங்கள் இல்லாமலில்லை. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் அங்கே முகாம் அமைத்தது. 2023 டிசம்பரில் வனத்துறை சஃபாரியும் தொடங்கியது. சஃபாரிக்கு வருகிறவருக்குக் காலைச் சிற்றுண்டி எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று பக்கத்தில் எழுதினால் அது பொருத்தம். ஆனால், "காட்டுக்குள் அழைத்துச் செல்கிறோம்" என்று எழுதிவிடாதீர்கள். சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விளம்பரமே சாட்சியாகிவிடும்.

படங்கள்

படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இணையத்தில் எடுத்த அருவிப் படம், நடிகர் படம், பண்டிகை வாழ்த்து, "காலை வணக்கம்" ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். சாலையிலிருந்து பார்த்தால் கடை எப்படித் தெரியும் என்பது முதல் படம். பிறகு விலைப்பட்டியல், சாப்பாடு பரிமாறிய இலை, அறை, கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம். கழிப்பறைப் படத்தைப் போடச் சொன்னால் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். பெண்களோடும் முதியவர்களோடும் பயணம் செய்கிற குடும்பத்தார் அதைத்தான் முதலில் தேடுகிறார்கள். விலை மாறினால் பழைய பட்டியலின் படத்தையும் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் சென்ற ஆண்டு விலைக்குச் சாப்பாடு கேட்பார்கள்.

செத்துப்போன இணைப்புகளும் குப்பைதான். கூகுள் பதிவோடு இலவசமாகக் கிடைத்த சிறு வலைத்தளங்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. பதிவின் வழியே உரையாடும் வசதி அதே ஆண்டு ஜூலையோடு நின்றது. அந்த முகவரிகளை இன்னும் அட்டையிலும் முகநூலிலும் வைத்திருப்பவர்கள் எடுத்துவிட்டு, வாட்ஸ்அப் எண்ணைப் போடுங்கள்.

விமர்சனங்கள்

பிடிக்காத விமர்சனத்தை உரிமையாளர் அழிக்க முடியாது. வசவோ, வேறு கடைக்கு எழுத வேண்டியதோ, பொய்க் கணக்கோ என்றால் புகார் செய்யலாம். முடிவு அவர்கள் கையில். மற்றவற்றுக்குப் பதில் எழுதுவதுதான் வழி. "அன்று கூட்டம் அதிகம், தாமதமாயிற்று. வருந்துகிறோம். இப்போது பகல் 12 மணி முதலே சாப்பாடு தயார்" என்பது போதும். இந்தப் பதிலைப் படிக்கப் போகிறவர் குறை சொன்ன மனிதரல்லர், நாளை வரப்போகிற நூறு பேர்.

எழுதியவர் எந்த மொழியில் எழுதினாரோ அதே மொழியில் பதில் எழுதுங்கள். காவிரித் தகராறு சூடாக இருக்கும் நாட்களில் இது மிக முக்கியம். 1991-இலும் 2016-இலும் கர்நாடகத்தில் என்ன நடந்தது என்பதை நம் வீடுகளில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய நாட்களில் மொழியைக் குத்திக்காட்டி வரும் விமர்சனத்துக்குப் பதிலே எழுதாமல், புகார் மட்டும் செய்துவிட்டு அமைதியாக இருப்பது கடைக்கும் குடும்பத்துக்கும் நல்லது.

தள்ளுபடி தருகிறேன், ஐந்து நட்சத்திரம் போடுங்கள் என்று கேட்பது கூகுள் விதிகளுக்கு முரண். இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2022-இல் இணைய விமர்சனங்களுக்கென்று ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டுள்ளது. விலை கொடுத்து வாங்கிய விமர்சனங்களுக்கு அதில் இடமில்லை. சாப்பிட்டு முடித்து, திருப்தியாகக் கை கழுவிவிட்டு வருகிறவரிடம், "முடிந்தால் நாலு வார்த்தை எழுதுங்கள் அண்ணா" என்று கேட்பதில் தவறொன்றுமில்லை.

நேரம்

கடைசியாக, திறக்கும் நேரம். இதைத்தான் எல்லோரும் ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். மாதேஸ்வரன் மலைக்கு அமாவாசையிலும், சிவராத்திரி, உகாதி, தீபாவளி நாட்களிலும் பெருங்கூட்டம் வரும். அந்நாட்களில் கடை விடியற்காலையிலேயே திறக்குமானால் சிறப்பு நேரம் என்ற பகுதியில் முன்கூட்டியே பதிய வேண்டும். மாறாக, காவிரியில் வெள்ளம் வந்து பரிசல் நிறுத்தப்படும் நாட்களும் உண்டு. அன்று பக்கத்தில், "ஆற்றில் வெள்ளம், பரிசல் இல்லை, கடை திறந்திருக்கிறது" என்று ஒரு வரி போட இரண்டு நிமிடம் ஆகாது. அந்த ஒரு வரியைப் பார்த்து பயணத்தைத் தள்ளிப்போடுகிறவர், அடுத்த மாதம் கிளம்பும்போது அதே கடைக்குத்தான் தொலைபேசி செய்வார்.

வாட்ஸ்அப் வணிகச் செயலி 2018 முதல் கிடைக்கிறது. இலவசம். கடை மூடியிருக்கும் நேரத்தில் வரும் செய்திக்குத் தானாகப் பதில் போகும்படி அதில் எழுதி வைக்கலாம். ஆனால் செல்பேசியில் இணையத் தொடர்பு இருக்கும்போதுதான் அந்தப் பதில் போகும். பதிலில் திறக்கும் நேரம், பாலாறு வழி, இரவில் அழைக்க வேண்டிய எண் ஆகிய மூன்றையும் தமிழிலும் கன்னடத்திலும் எழுதிவிடுங்கள். எழுதியபின் வீட்டிலுள்ள வேறொருவரின் செல்பேசியிலிருந்து ஒரு செய்தி அனுப்பி, பதில் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.